மாதேஸ்வரன் மலையும் மறைந்த ஊரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேடையேறிச் சொற்பொழிவாற்றும் புலமை எனக்கில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா நான். 2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் என் மகளுடன் சென்று வந்த ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்லவே செயலாளர் என்னைப் பணித்தார்.

மைசூரிலிருந்து கொள்ளேகால், அனூர், கௌதள்ளி வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் சென்றோம். நாங்கள் போட்ட தண்டவாளம் சாமராசநகரோடு நின்றுவிட்டபடியால் பேருந்துதான் கதி! தாளபெட்டாவைத் தாண்டியதும் சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. மூங்கிலும் முட்புதரும் மண்டிய சரிவுகள். அவற்றுக்கப்பால் அலையலையாய் மலை முகடுகள். எழுபத்தேழு மலைகள் என்பது வழக்கு. நான் எண்ணிப் பார்க்கவில்லை. புலியின்மேல் ஏறிவந்த மாதேஸ்வரரைச் சோலிகர்களும், கன்னட உழவர்களும், மேட்டூர், சேலம் பக்கத்துத் தமிழர்களும் ஒரே வரிசையில் நின்று வணங்குகின்றனர். “உகே மாதப்பா!” என்ற முழக்கத்திற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இங்கே ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரையில் சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அன்று மைசூரோடு இணைந்தது. 1997-இல் சாமராசநகர் மாவட்டத்துக்குள் வந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததேயன்றி, மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

மலையின் மறுபுறம் இறங்கினால் பாலாறு. வேலூர்ப் பாலாறு அன்று. இது காவிரியோடு சேரும் சிற்றாறு. அதைக் கடந்தால் காவேரிபுரம். மைசூர் மேட்டுநிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்கும் கணவாய்க்கு அவ்வூரின் பெயரே வழங்கிற்று. தாரமங்கலத்துக் கெட்டி முதலிகளின் கோட்டைகளுள் ஒன்று அங்கிருந்தது. கண்டீரவ நரசராச உடையார் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அது மைசூர்வசமாயிற்று. 1800-இல் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதே கணவாய் வழியாக இறங்கிக் கண்டதையெல்லாம் எழுதிவைத்தார். கோட்டை எதற்கு என்று மகள் கேட்டாள். ரயில் பாதையில் சிக்னல் கூண்டு எதற்கோ அதற்குத்தான் என்றேன். வழியைத் திறப்பவனும் அடைப்பவனும் அங்கே இருக்கிறான்.

மறுநாள் சங்ககிரிக்குப் போனோம். ஸ்டேஷனின் பெயர்ப்பலகையில் இன்றும் ‘சங்கரி துர்க்கம்’ என்றே இருக்கிறது. எத்தனையோ பார்சல் ரசீதுகளில் அப்பெயரை எழுதியிருக்கிறேன். துர்க்கம் என்றால் மலைக்கோட்டை என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வாயிலுக்குமேல் வாயிலாக, மதிலுக்குமேல் மதிலாக ஏறவேண்டும். எனக்கு மூச்சு வாங்கிற்று; மகள் முன்னே ஓடினாள். திப்புவின் படை தங்கிய அக்கோட்டையில்தான் 1805-இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். பாறைச் சுனைகளில் அந்தக் கோடையிலும் சிறிது நீர் கிடந்தது.

இவற்றையெல்லாம் காணப் போனேன் என்பது பாதி உண்மையே. மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அதன் நீர்ப்பரப்பில் மூழ்கிய ஊர்களுள் ஒன்று, பண்ணவாடிக்கு அருகிலிருந்த எங்கள் ஊர். பன்னிரண்டு வயதில் பாட்டனார் பானை சட்டிகளோடு வண்டியேறி மலைமேல் வந்தார், பின்பு மைசூர். கோடை வந்தால் “அணையில் எத்தனை அடி?” என்று அன்றாடம் கேட்பார். 2005 கார்த்திகையில் அவர் கண் மூடியபோது அணை நிரம்பியிருந்தது.

2024 கோடையில், 120 அடி அணையில் நீர் 60 அடிக்கும் கீழே இறங்கியிருந்தது. பண்ணவாடியில் சலகண்டேசுவரர் கோயில் நந்தி முழுவதுமாக வெளியே தெரிந்தது. பழைய மாதாகோயிலின் கோபுரமும் தெரிந்தது. வெடித்த வண்டல் மண்ணில் நடந்தோம். “அப்பா, இதில் நம்ம வீடு எங்கே?” என்றாள் மகள். நான்கு திசையும் பார்த்தேன். கை நீட்டிக் காட்ட எனக்கு ஓரிடமும் தெரியவில்லை. பாட்டனார் ஆயிரம் முறை சொல்லியிருப்பார். காதில் வாங்கிக்கொள்ளாதவன் நான்.

இந்த அவையில் மேட்டூர், கொளத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் சில உண்டென்று அறிவேன். மூழ்கிய ஊர்களின் தெருவோ, கிணறோ, கோயில் மரமோ உங்கள் வீட்டுப் பெரியோர் சொல்லி நினைவிருந்தால், சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன், வாசலருகே உட்கார்ந்திருப்பேன்.