பழைய கம்ப்யூட்டரும் ஐந்தாம் நம்பர் தகராறும்

(நமது கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"கம்ப்யூட்டரைப் பற்றி எல்லோருக்கும் புரிகிற மாதிரி அரை மணி நேரம் பேசுங்கள்" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்க்கும் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே பெரிய விஷயங்களுக்குப் போகாமல், எங்கள் அகத்துக் கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப வந்த ஒரே ஒரு கோளாறைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் கம்ப்யூட்டர் செய்த தப்பைவிட நான் செய்த தப்பு பெரிது. சொல்ல ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

எங்கள் கம்ப்யூட்டர் 2011-ல் வாங்கியது. விண்டோஸ் 7 போட்டது. "அப்பா, அதைத் தூக்கிப் போடுங்கள்" என்று பிள்ளை சொல்லாத வாரம் கிடையாது. ஆனால் காடராக்ட் ஆபரேஷன் செய்துகொண்ட கண்ணுக்கு அதன் பெரிய திரை சௌகரியம். பழைய போட்டோக்கள், வம்சாவளி, வரவு செலவு எல்லாம் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை பேரனின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான்.

2020-ல் எங்கள் கட்டடத்துக்கு ஃபைபர் இணைப்பு வந்தது. சுவரில் வைஃபை ரௌட்டர் மாட்டினார்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் ரௌட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுத்தார் வந்த பையன். முன்பு கேபிள்காரர் கையால் போட்டு வைத்திருந்த நம்பரை அழித்துவிட்டு, வேறொரு நம்பரைத் தட்டினார். நெட் ஓடியது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் அதோடு மறந்துவிட்டேன்.

2021 ஜூலை வாக்கில் தொல்லை ஆரம்பித்தது. கம்ப்யூட்டரைப் போட்டால், திரையின் மூலையில் ஒரு பெட்டி வரும்: "ஐபி முகவரியில் மோதல். இந்த நெட்வொர்க்கில் இன்னொரு கம்ப்யூட்டருக்கும் இதே முகவரி இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நெட் வராது. ரௌட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வரும். கம்பெனிக்குப் போன் செய்தால், "சார், ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்பார்கள். செய்தால் வரும். அப்புறம் போகும்.

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் அகத்தில் வேலை செய்யும் பாயியின் பெண் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் மூடியிருந்த காலம், பாடமெல்லாம் போனில். அவர்கள் இருக்கும் சாலில் சிக்னல் சரியாக வராது. என் சகதர்மிணிதான், "இங்கே வந்து உட்கார்ந்து படிக்கட்டுமே" என்று வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தாள். மதியம் ஒரு மணிக்கு வருவாள். நாலு மணி வரை பால்கனிப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். என்னை 'ஆஜோபா' என்றுதான் கூப்பிடுவாள். மராத்தியில் தாத்தா என்று அர்த்தம்.

நான் பகல் சாப்பாட்டுக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சற்றே தூங்கி எழுந்து மூன்று மணிக்கு மறுபடி போடுவேன். மோதல் பெட்டி வருவது பெரும்பாலும் அப்போதுதான். 'இன்னொரு கம்ப்யூட்டர்' என்று சொல்கிறதே, அது யாருடையது? அகத்தில் புதிதாக வந்திருப்பது அந்தப் பெண்ணின் போன் ஒன்றுதான். போனில் எதையோ இறக்கி, என் கம்ப்யூட்டரைக் கெடுக்கிறாள் என்று முடிவு கட்டினேன். கேட்டேன். "நான் ஒன்றும் செய்யவில்லை, ஆஜோபா" என்றாள். ஆகஸ்ட் நடுவில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

கோளாறு நின்றுவிட்டது! ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, ஏழு வாரம் வரவே இல்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? "பார்த்தாயா, நான் சொன்னேனே" என்று சகதர்மிணியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை.

அக்டோபரில் நவராத்திரி வந்தது. தொற்றுக் காலமாதலால் கொலுவுக்கு அதிகம் பேர் வரவில்லை. பூனாவிலிருந்து தம்பி குடும்பம் மட்டும் வந்து இரண்டு நாள் தங்கியது. குழந்தைகள் வந்ததும் வராததுமாகப் பாஸ்வேர்டு கேட்டார்கள். கொடுத்தேன். மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் அதே பெட்டி! பெண் இல்லை, அவள் போன் இல்லை. கோளாறு மட்டும் வந்து நிற்கிறது.

தம்பி பிள்ளை கேட்டான்: "பெரியப்பா, இது எப்போதெல்லாம் வருகிறது? எழுதி வைத்திருக்கிறீர்களா?"

எனக்குச் சுருக்கென்றது. எக்ஸ்சேஞ்சில் ஒரு லைனில் புகார் வந்தால் தேதி, நேரம், என்ன சத்தம், மழையா வெயிலா என்று எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் எழுதுவோம். டயல் டோன் திரும்பி வந்துவிட்டது என்பதற்காக மட்டும் புகாரை மூடக் கூடாது என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். சொந்த அகத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதவில்லை.

அவன் தன் போனில் வைஃபை விவரத்தைத் திறந்து காட்டினான். அதில் ஐபி முகவரி 192.168.1.5 என்று இருந்தது. பிறகு என் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் அமைப்பைத் திறந்தான். அங்கேயும் 192.168.1.5, கையால் தட்டி வைத்தது. கோளாறு அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ரௌட்டர்தான் டி.டி.இ. அகத்திலுள்ள ஒவ்வொரு போனும் டி.வி.யும் உள்ளே வரும்போது, "எனக்கு எந்த சீட்?" என்று கேட்கும். அவர் சார்ட்டைப் பார்த்து, காலியாக இருக்கும் நம்பரைக் கொடுப்பார். இந்த முறைக்கு டி.ஹெச்.சி.பி. என்று பெயர், 1993-லேயே விதி எழுதிவிட்டார்கள். 192.168 என்று ஆரம்பிக்கும் நம்பர்கள் வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் மட்டும் புழங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டவை. ஆகவே உங்கள் அகத்து 5-ம் எங்கள் அகத்து 5-ம் மோதிக்கொள்ளாது. ஒரே அகத்தில் இரண்டு 5 இருந்தால்தான் தகராறு.

எங்கள் ரௌட்டர் நம்பர் 1. என் போன், சகதர்மிணியின் போன், டி.வி. மூன்றும் 2, 3, 4. என் கம்ப்யூட்டர் டி.டி.இ.யிடம் எதுவும் கேட்காமல், 5-ம் சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்த ஆசாமி. சார்ட்டில் அதன் பெயர் கிடையாது. அது தூங்கும் நேரத்தில் யார் நாலாவதாக வந்தாலும், 5 காலி என்று நினைத்து அவருக்குக் கொடுத்துவிடுவார் டி.டி.இ. நான் எழுந்து போய், "இது என் இடம்" என்று சண்டை போடுகிறேன். ரௌட்டரை அணைத்துப் போட்டால், கம்ப்யூட்டர் விழித்திருப்பதைப் பார்த்துவிட்டு, போன் வேறு நம்பர் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் அப்போதைக்குச் சரியாகிறது. துண்டு அங்கேயே கிடப்பதால் மறுபடியும் வருகிறது.

அந்தப் பெண் வந்தால் கோளாறு வந்தது, வராவிட்டால் வரவில்லை. நான் கண்டது பொய்யில்லை. ஆனால் டிக்கெட் வாங்கி முறையாக உட்கார்ந்தவள் அவள். துண்டு போட்டவன் நான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பேனா இருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை மணிக்கு வந்தது, அப்போது அகத்தில் எந்தெந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்தது, இந்த மூன்றையும் பத்து நாள் எழுதுங்கள்.

இரண்டாவது, விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் 'ரன்' பெட்டி வரும். அதில் சி.எம்.டி. என்று தட்டினால் கறுப்புத் திரை வரும். அங்கே 'ஐபிகான்ஃபிக்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு 'ஆல்' என்று எழுதி என்டர் தட்டுங்கள். உங்கள் நம்பர் தெரியும். பக்கத்தில் 'டூப்ளிகேட்' என்று போட்டிருந்தால், இன்னொருவரும் அதே நம்பரில் இருக்கிறார். 169.254 என்று ஆரம்பிக்கும் நம்பர் மட்டும் இருந்தால், கம்ப்யூட்டர் சீட்டுக் கேட்டும் டி.டி.இ. பதில் சொல்லவில்லை, தானே ஒரு நம்பரை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்போது முதலில் வயரையும் ரௌட்டரையும் பாருங்கள்.

மூன்றாவது, துண்டை எடுப்பது. அதே 'ரன்' பெட்டியில் என்.சி.பி.ஏ., ஒரு புள்ளி, சி.பி.எல். என்று இடைவெளி விடாமல் தட்டினால் நெட்வொர்க் இணைப்புகள் வரும். உங்கள் இணைப்பின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' போங்கள். 'இன்டர்நெட் ப்ரோட்டோகால் வெர்ஷன் 4' என்ற வரியைத் தொட்டு, மறுபடியும் 'ப்ராப்பர்டீஸ்'. அங்கே கையால் போட்ட நம்பர்கள் இருந்தால் முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இதை மறக்கவே கூடாது. பிறகு மேலும் கீழும் இருக்கும் இரண்டு 'ஆட்டோமேட்டிக்' வரிகளையும் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். நெட் வராவிட்டால் எழுதி வைத்ததைத் திரும்பப் போட்டுவிடலாம். பிரிண்டர் போன்ற ஒன்றுக்கு நிரந்தர நம்பர் தேவையானால், ரௌட்டரிலேயே 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் பதிவு செய்யுங்கள். சார்ட்டில் பெயர் ஏறிவிடும், சண்டை வராது.

எங்கள் அகத்தில் இதைச் செய்ய மூன்று நிமிஷம் ஆயிற்று. அதன் பிறகு மோதல் பெட்டி வரவே இல்லை.

2022-ல் மறுபடி நெட் தகராறு வந்தது. "பழையபடி ஆரம்பித்துவிட்டதா?" என்றாள் சகதர்மிணி. இந்தத் தடவை ரிஜிஸ்டர் போட்டேன். பெட்டியில் எழுதியிருந்தது வேறு: "இணைப்பு பாதுகாப்பானது அல்ல". காலையில் முதல் தடவை போடும்போது மட்டும் வந்தது. மூலையில் பார்த்தால் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. நம் கடிகாரம் தப்பானால் கம்ப்யூட்டர் அதை ஏற்காது. மதர்போர்டில் காசு போல ஒரு பாட்டரி இருக்கும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வகை. அது தீர்ந்துபோயிருந்தது. விலை ஒரு காபி டிபனுக்குள் அடங்கும். எழுதி வைத்திருக்காவிட்டால் நெட்வொர்க் அமைப்பைக் கிண்டி, சரியாக இருந்ததையும் கெடுத்திருப்பேன்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. "உங்கள் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியில் கோளாறு, நாங்கள் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், இந்த ஸாஃப்ட்வேரைப் போடுங்கள்" என்று யாராவது போன் செய்தால் உடனே வைத்துவிடுங்கள். உங்கள் அகத்துக்குள் இருக்கும் 5-ம் நம்பர் தகராறு வெளியில் இருப்பவனுக்குத் தெரிய வழியே இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். அதோடு, விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ல் நின்றன. 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110 முதல் அதில் ஓடுவதில்லை. விண்டோஸ் 10-க்கும் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரைப் போட்டோவுக்கும் கணக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பாங்க் வேலையை மட்டும் அதில் செய்யாதீர்கள். நானும் இப்போது அப்படித்தான்.

பாக்கி ஒன்று இருக்கிறது. துண்டை எடுத்த அன்று சாயங்காலமே நானும் சகதர்மிணியும் சாலுக்குப் போனோம். அந்தப் பெண்ணிடம், "தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. நாளையிலிருந்து வா" என்றேன். "பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள், ஆஜோபா" என்றாள். உண்மைதான், அக்டோபர் 4-ம் தேதியே திறந்துவிட்டார்கள். நடுவில் ஏழு வாரம் அண்ணனுடைய போனில் மீதியிருந்த டேட்டாவில் கேட்டது கேட்டாள், போனது போயிற்று. கணக்கில்தான் பாதிக்கு மேல் விட்டுப் போயிருந்தது. டெலிபோன் வேலைக்கு நான் படித்த கணக்கு கொஞ்சம் மிச்சமிருந்ததால், அந்த வருஷம் முழுக்க ஞாயிறு காலையில் சொல்லிக் கொடுத்தேன். 2023-ல் பத்தாவது தேறினாள். பேடா கொண்டுவந்து கொடுத்தாள். ஆனாலும் எங்கள் அகத்து வைஃபையை அவள் மறுபடி கேட்டதே இல்லை. நானாகப் பாஸ்வேர்டைச் சொன்னபோதும், "வேண்டாம், ஆஜோபா, என்னிடம் டேட்டா இருக்கிறது" என்றுதான் சொன்னாள்.

அமைப்பை மாற்ற மூன்று நிமிஷம் போதும். மற்றது அப்படி இல்லை. உங்கள் அகத்தில் கோளாறு திரும்பத் திரும்ப வந்தால், யாரையும் கேட்பதற்கு முன்னால் ஒரு பழைய டயரியை எடுத்துத் தேதியையும் நேரத்தையும் எழுத ஆரம்பியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் யாருக்காவது சந்தேகம் இருந்தால் காபி மேஜைப் பக்கம் வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.