பட்டமும் கைத்தொழிலும்

(காரவள்ளியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது வித்தியா நிதியை எவ்வகையில் செலவிடுவது என்று ஆலோசிக்க இன்று கொல்லிமலை அடிவாரத்தில் கூடியிருக்கின்றோம். இவ்விஷயத்தில் என் கருத்தை ஒளியாது உரைக்க அனுமதி வேண்டுகிறேன்.

இந்தக் காரவள்ளியிலிருந்து மலைமேற் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய பாதையை வகுப்பதற்குக் கணித நூலறிவு வேண்டும். பாரமேற்றிய லாரியை அவ்வளைவுகளில் திருப்புவதற்கோ பழகிய கை வேண்டும். இவ்விரண்டும் கூடினாலன்றி மலைக்கு அரிசி ஏறாது. மலையிலிருந்து மிளகும் அன்னாசியும் இறங்கா. இங்ஙனமிருக்க, நம்மவர் ஒன்றைப் பெருமையென்றும் மற்றொன்றைச் சிறுமையென்றும் எண்ணுவது யாது கருதியோ?

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தைக் கூறிவிடுகிறேன். என் மகனை எஞ்சினீயரிங் கல்லூரியிற் சேர்க்க இரண்டு ஏக்கர் நிலத்தை ஈடு வைத்தேன். என் தம்பி மகனோ பத்தாம் வகுப்போடு நின்று, நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையொன்றிற் சேர்ந்தான். கலியாண வீடுகளில் அவனை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளவும் கூசினேன். மகன் பட்டம் பெற்று மூன்றாண்டு வேலை தேடி அலைந்தான். வட்டி ஏறி நிலம் கைநழுவும் தறுவாயில் அதை மீட்டுக் கொடுத்தவன் அந்தப் பட்டறைப் பையனே. இதனை இச்சபையிற் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்று அவனைக் குறித்து வெட்கப்பட்டேனே, அதற்கே இன்று வெட்கப்படுகிறேன்.

இஃது என் வீட்டு விஷயம் மாத்திரமன்று. 2019-ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டப்பேரவைச் செயலகத்தின் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு 4,600-க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவர்களுள் எஞ்சினீயரிங் பட்டதாரிகளும் இருந்தனர். எந்தத் தொழிலும் இழிவன்று. ஆனால் நான்காண்டுக் காலமும் பெற்றோர் பொருளும் எதன்பொருட்டுச் செலவாயின என்பதை நாம் சிந்திக்க வேண்டாமா?

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் (1893-1974) பள்ளிப்படிப்பு அதிகமில்லாதவர். ஹோட்டலில் ஊழியம் செய்து சேர்த்த பணத்தால் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே யந்திரவித்தை கற்றார். 1920-இல் ஒரே பஸ்ஸுடன் தொழில் தொடங்கினார். அவர் கல்வியை வெறுத்தவரல்லர். 1945-இல் தொழிற்கல்லூரி நிறுவக் காரணமாயிருந்தவர். நான்காண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டாண்டு போதும் என்பது அவர் கொள்கை. அரசாங்கத்தார் இணங்காமையால் அதன் முதல்வர் பதவியினின்றும் விலகினார். அவர் வேண்டியது கையோடு சேர்ந்த கல்வி.

பட்டம் வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. வைத்தியரும் ஆசிரியரும் வக்கீலும் நம் வீடுகளிலிருந்து இன்னும் பலர் தோன்றல் வேண்டும். தொழில் கற்பவனுக்கும் மேற்படிப்பின் கதவு அடைபட்டதன்று. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர் எஞ்சினீயரிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலும் சேர வழியுண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்பழகுநருக்கு உதவித்தொகையும் உண்டு. இவற்றை நம் பெற்றோர்களிற் பலர் அறியார்.

ஆதலின் இரண்டு விண்ணப்பங்கள். வித்தியா நிதியிற் பாதியைத் தொழில் கற்கும் ஆண் பெண் இருபாலார்க்கும் ஒதுக்குக. ஆண்டு விழாவில் பட்டதாரிக்குச் சாத்தும் மாலையைத் தேர்ந்த தொழிலாளிக்கும் அதே மேடையிற் சாத்துக.

முதல் மாலையை என் தம்பி மகனுக்கு என் கையால் அணிவிக்க இச்சபையார் இசைவளிப்பார்களாயின், என் பழைய பிழை ஒருவாறு தீரும்.