பாரம் இழுக்க டீசலா, பெட்ரோலா?

அமெரிக்காவில் பிக்கப் வண்டி வைத்திருக்கும் பலர் லீவு விட்டால் போதும், பின்னால் ஒரு படகையோ, சக்கரம் வைத்த வீட்டையோ மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எண்ணெய்ச் செலவு உறைப்பது அப்போதுதான்.

டர்போ வைத்த பெட்ரோல் இன்ஜின்கள் பல, பாரத்தோடு மேடு ஏறும்போது சூடு தாங்காமல், தங்களைக் குளிர்வித்துக்கொள்ளவே கூடுதலாகப் பெட்ரோலைக் குடிக்கும். டீசலுக்கு அந்தத் தொல்லை இல்லை. காற்றைச் சுமார் 16 மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே பற்றவைத்துக்கொள்கிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் டீசலில் சக்தியும் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம்.

அப்படியானால் டீசல்தானே லாபம்? அவசரப்படாதீர்கள். பெரிய பிக்கப்பில் டீசல் இன்ஜின் கேட்டால் சுமார் 10,000 டாலர் கூடுதலாக எடுத்து வைக்கவேண்டும். புகையைச் சுத்தப்படுத்த யூரியாக் கரைசல் வேறு ஊற்றவேண்டும். எப்போதோ ஒருமுறை படகு இழுப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. சரி, மைலேஜ் சீட்டைப் பார்த்து ஒப்பிடலாம் என்றால், கனரக பிக்கப்புகளுக்கு அதை ஒட்டவேண்டும் என்ற கட்டாயமே அங்கே கிடையாது!

எந்த இன்ஜினாக இருந்தாலும், உயரமான டிரெய்லரைச் சமதரையில் வேகமாக இழுக்கும்போது எண்ணெயைக் கரைப்பது பெரும்பாலும் காற்றுத்தடைதான். மணிக்கு 70 மைலிலிருந்து 60க்கு இறங்கினால் அந்தத் தடை கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும்.