நெருப்பைக் கும்பிட்டவர்களும் விசாரித்தவர்களும்

(கிராம வாலிபர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் விறகு, உமி, பருத்தி மார் முதலியவைகளிலிருந்து எரிவாயு எடுப்பதைப் பற்றியதாகும். சுயமரியாதைக்காரர்களுக்கு உமியில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அடுப்புப் புகையில் வெந்து, கண்ணும் நெஞ்சும் கெட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் நம் பெண்மக்கள். வீட்டுக்குள் எரிக்கும் அடுப்பு, விளக்கு இவைகளின் புகையினால் 2020-ம் ஆண்டில் மாத்திரம் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே நமக்கு இதில் வேலை இருக்கத்தான் செய்கிறது.

நம் நாட்டில் நெருப்புக்குச் செய்த மரியாதை கொஞ்சமல்ல. அதற்கு அக்கினி பகவான் என்று பெயரிட்டார்கள். ஒரு பெண்சாதியையும் கட்டி வைத்தார்கள். குடிக்கக் கூழில்லாதவன் நாட்டிலே குடம் குடமாக நெய்யை அதில் கொட்டினார்கள். ஆனால் அந்த நெருப்புக்குள் நடப்பது என்ன, புகை ஏன் வருகிறது என்று விசாரிக்கும் பழக்கத்தை வளர்த்தார்களா? பிரெஞ்சு நாட்டில் பிலிப் லெபோன் என்பவர் மரத்தை மூடிய பாத்திரத்தில் காய்ச்சி, அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு விளக்கெரிக்கலாமென்று கண்டு 1799-ல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அவருக்கு எந்த மந்திரமும் தேவைப்படவில்லை.

இதில் தேவரகசியம் ஒன்றுமில்லை. புகை என்பது பெரும்பாலும் எரியாமல் தப்பிப் போகிற விறகேயாகும். வாயு உலையில், அதாவது கேஸிஃபையர் என்று சொல்லப்படும் கருவியில், விறகு முழுதும் எரிவதற்கு வேண்டிய காற்றில் நாலில் ஒரு பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு மாத்திரமே விடப்படுகிறது. விறகு முதலில் காய்கிறது. பிறகு கரியாகவும், தாரும் ஆவியுமாகவும் பிரிகிறது. ஒரு பாகம் எரிந்து 1000 டிகிரிக்கு மேல் சூடு உண்டாக்குகிறது. அந்தச் சூட்டில் கனன்றுகொண்டிருக்கும் கரியின் ஊடே கரியமில வாயுவும் நீராவியும் போகும்போது, அவை கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. இவ்விரண்டும் எரியக் கூடியவை. இப்படி 1 கிலோ விறகிலிருந்து சுமார் 2½ கன மீட்டர் வாயு கிடைக்கும். அதில் ஏறக்குறைய பாதி, எரியாத நைட்ரஜனாகையால் வேகம் குறைந்த வாயுதான். என்றாலும் அடுப்பெரிக்கலாம், இஞ்சினும் ஓட்டலாம்.

ஓட்டியும் காட்டியிருக்கிறார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது ஜெர்மனி, ஸ்வீடன் முதலிய நாடுகளில் லட்சக்கணக்கான வண்டிகள் விறகு வாயுவில் ஓடின. நம் ஊர்களிலும் 1940களில் பின்புறம் கரி உலையைச் சுமந்துகொண்டு கரி பஸ்கள் ஓடினதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்ததும் உலையைக் கழற்றி எறிந்து விட்டார்கள். பிறகு 1988-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் கர்நாடகத்திலுள்ள ஹொசஹள்ளி என்னும் சிறு கிராமத்தில் விறகு வாயு இயந்திரம் ஒன்றை வைத்து, வீடுகளுக்கு விளக்கும், குடிதண்ணீரும், மாவு அரைக்கும் வசதியும் கிடைக்கச் செய்தார்கள். பீகாரில் தம்குஹா கிராமத்தில் 2007-ல் நெல் உமியிலிருந்தே மின்சாரம் எடுத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். 100 கிலோ நெல் அரைத்தால் ஏறக்குறைய 20 கிலோ உமி வருகிறது. 1 யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ உமி போதும். குப்பை என்று ஒதுக்கியது விளக்காயிற்று.

ஆனால் தோழர்களே! அக்கினியைக் கும்பிடாதே என்று சொல்லுகிற நாம், இயந்திரத்தைக் கும்பிடு என்று சொல்ல வரவில்லை. இதன் தொல்லைகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய அறையில் கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும். தாரைச் சரிவர வடிக்காவிட்டால் இஞ்சின் அடைத்துக்கொள்ளும். உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகையால், அது உருகிக் கட்டி தட்டும். ஆயுத பூசையன்று உலைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, மற்ற 364 நாளும் வடிகட்டியைத் துடைக்காதவனுக்கு எந்தச் சரஸ்வதியும் வந்து துடைத்துத் தரமாட்டாள்.

அன்றியும், எரிகிறதையெல்லாம் உலையில் போட்டுவிடலாமென்று எண்ணக் கூடாது. வைக்கோல் மாட்டுக்குத் தீனி. தழை நிலத்துக்கு உரம். அவைகளை விட்டுவிட்டு, உமி, பருத்தி மார், தேங்காய் ஓடு, இராமநாதபுரம் சீமையெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல் இவைகளையே பார்க்க வேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். வாயுவைக் கழுவின தண்ணீரில் தாரும் விஷமும் கலந்திருக்கும். அதை எங்கே விடப்போகிறீர்கள்? சேரிப் பக்கத்துக் குட்டையிலா? உலைக்குள் படியும் தாரைச் சுரண்டுவது யார்? மலக்குழிக்குள் எந்தச் சாதியானை இறக்கினார்களோ, அவனையே இதற்கும் கூப்பிடப் போகிறீர்களா? கம்பி முதலில் எந்தத் தெருவுக்குப் போகும்? கோயிலுக்குச் சீரியல் விளக்குப் போட்டது போக மீதிதான் சேரிக்கா? புதிய இயந்திரத்தைப் பழைய வருணாசிரமத்தின் கையில் கொடுத்தால், அது பழைய வேலையைத்தான் செய்யும். நம் பெண்கள் புகையிலிருந்து தப்பி, வேறொருவன் அந்தப் புகைக்குள் தள்ளப்படுவானானால், அதை முன்னேற்றம் என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆகையால் உங்கள் ஊருக்கு இக்கருவி வருமானால், மேளம் கொட்டி வரவேற்பதற்கு முன் கணக்குக் கேளுங்கள். எத்தனை கிலோ போட்டால் எத்தனை யூனிட் வரும், வாயு கசிந்தால் எச்சரிக்கும் கருவி உண்டா, கழிவு நீரை எப்படிச் சுத்தம் செய்வார்கள், துடைக்கிறவனுக்குக் கூலியும் பாதுகாப்பும் என்ன என்று கேளுங்கள். அதை ஓட்டும் வேலையைப் பெண்களுக்கும் சேரி வாலிபர்களுக்கும் சம்பளத்தோடு கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். துடைக்கும் முறையில் எல்லாத் தெருக்காரர்களும் பங்கெடுக்கட்டும். இவைகளுக்குச் சரியான பதில் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டாம். உங்கள் அறிவைக்கொண்டு யோசித்து, சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.