தையல் அறையிலிருந்து சில வார்த்தைகள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"ரீச்சர், தையலைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கோ" என்று தலைவி கேட்டார். நான் படிப்பித்த காலத்தில் தையலுக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை. அதிலும் ஒன்றை விளையாட்டுப் போட்டி ஒத்திகைக்கு எடுத்துவிடுவார்கள். ஆகவே இருபது நிமிடம் எனக்குத் தாராளம்.

இந்த ஊரில் ஊசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பழைய உறவு உண்டு. 1816இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் தெல்லிப்பழைக்கு வந்தார். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். அந்தப் பாடசாலைகளில் எழுத்து, கணக்கு, வேதப்பாடம் ஆகியவற்றோடு தையலும் பாடமாக இருந்தது. அதற்கு முன் நம் பாட்டிமாரின் பாட்டிமார் உடுத்தது பெரும்பாலும் ஊசி படாத உடுப்பு. குறுக்குக்கட்டுக்கு அளவும் வேண்டாம், தெறியும் வேண்டாம். தைத்த சட்டை பெண்களிடம் பரவியதில் மிஷன் பாடசாலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. "ஊசி பிடிக்கத் தெரிந்தால் அடக்கமான பெண்" என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான் மாணவியாக இருந்தபோதும் அது போகவில்லை. ஆசிரியையாக வந்து நானும் அதைக் கொஞ்சம் வளர்த்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் வீடுகளில் முதலில் தைத்தது பாவாடைதான். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை உயரம், இடுப்புச் சுற்றளவைப் போல் இரண்டரை மடங்கு அகலம், மேலே சுருக்கு, ஒரு நாடா. ஆனால் அம்மாமார் அதில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். கீழ்க்கரைக்கு மேலே ஒன்றரை அங்குலத்தில் இரண்டு மூன்று மடிப்புகள் பிடித்துத் தைத்துவிடுவார்கள். பிள்ளை வளர வளர, வருடத்துக்கு ஒரு மடிப்பை அவிழ்த்து விடுவது. அவிழ்த்த இடத்தில் துணி வெளிறாமல் பழைய நிறத்தில் ஒரு கோடாக நிற்கும். அந்தக் கோட்டை மறைக்க ரேந்தை வைத்துத் தைத்த அம்மாமாரும் உண்டு. என் பாவாடையில் மூன்று கோடுகள் இருந்தன. எங்கள் வகுப்பில் யாருக்கு எத்தனை கோடு என்று பார்த்தால் யாருக்கு எத்தனை தங்கச்சிமார் என்றும் சொல்லிவிடலாம்.

பிறகு பஞ்சாபி வந்தது. அதை வெட்டப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வளைவே இல்லாத பழைய முறை இது. 44 அங்குல அகலத் துணியில் இரண்டேகால் யார் போதும். மார்புச் சுற்றளவில் கால்பங்கு எடுங்கள், அதோடு இரண்டு அங்குலம் கூட்டுங்கள். 36 அங்குலம் என்றால் ஒன்பதும் இரண்டும் பதினொன்று. உடம்புத் துண்டை நீளவாட்டில் ஒரு மடிப்பு, தோளில் ஒரு மடிப்பு என நான்காக மடித்து, மடிப்பிலிருந்து பதினொரு அங்குலத்தில் நேராக வெட்டுங்கள். தோளில் தையலே வராது. பக்கத்தில் மிஞ்சும் துணியில் இரண்டு நீள்சதுரம் கைக்கு. கையும் உடம்பும் சேரும் கமக்கட்டில் நாலு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை வைர வடிவில் திருப்பி வைத்துத் தைக்க வேண்டும். அந்தச் சின்னத் துண்டு இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலே ஏறும். சிலவேளை கிழியும். கடையில் வாங்கும் மலிவுச் சட்டைகள் கமக்கட்டில் கிழிவதைப் பார்த்திருப்பீர்கள். துணியில் ஒரு சாண் மிச்சம் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது என் தவறைச் சொல்கிறேன்.

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு. நல்ல துணி தாராளமாகக் கிடைக்காத காலம். நான் புதிதாகப் படிப்பிக்க வந்திருந்தேன். நூலோடுதல், பின்தையல், சங்கிலித் தையல், தெறித்துளை எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் தைத்து, கொப்பியில் ஒட்டித் தரவேண்டும். ஒரு பிள்ளை கோதுமை மாப் பையை வெட்டிக் கொண்டுவந்து அதில் தைத்திருந்தாள். பையின் எழுத்துக்கூட முழுவதும் போகவில்லை. முரட்டு நெசவில் சங்கிலித் தையல் ஒழுங்காக விழவில்லை. நான் 38 புள்ளி போட்டேன். "துப்புரவு போதாது" என்று சிவப்பு மையில் எழுதியும் விட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கொப்பியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

1990இல் மீண்டும் போர் தொடங்கிய பின் எங்கள் ஊர்கள் ஒவ்வொன்றாக வெறுமையானதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் குடும்பம் இரண்டு வீடு மாறி, 1995 ஒக்டோபர் 30 இரவு எல்லோரோடும் சேர்ந்து நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. சைக்கிள் கரியரில் என் தையல் மெசினின் தலை மட்டும். மேசையையும் காற்பலகையையும் விட்டுவிட்டேன். தலை அடிபடாமல் இருக்கப் பெரியம்மாவின் துணி மூட்டை ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தேன்.

சாவகச்சேரிப் பக்கம் நாங்கள் தங்கிய பாடசாலையில் ஒரு மாமரத்தின் கீழ் கை மெசின் ஓடும் சத்தம். போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளை. முப்பது வயது தாண்டிவிட்டது. கிழிந்த தறப்பாளை ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பழைய சீலைகளில் வெட்டிய குழந்தைச் சட்டைகள் ஒரு அடுக்கு. கூலி காசாகவும் வந்தது, அரிசியாகவும் வந்தது. அவளுடைய மூன்று பிள்ளைகளும் மாமியாரும் அதில்தான் சாப்பிட்டார்கள். என்னைக் கண்டதும் வகுப்பில் எழும்புவது போல எழும்பி நின்றாள்.

எனக்கு மாற்றுடுப்பு இல்லை என்று அறிந்து, அடுத்த நாள் ஒரு உள்பாவாடை தைத்துத் தந்தாள். பழக்கதோஷம், கையில் எடுத்ததும் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். தையல் இரட்டையாக ஓடியிருந்தது, நூல் பிடித்தது போல நேர். அவள் சிரித்துக்கொண்டு, "இப்ப எத்தினை புள்ளி ரீச்சர்?" என்றாள். கூலி வாங்க மறுத்துவிட்டாள்.

நான் பார்த்தது துணியை. பிள்ளையின் கையைப் பார்க்கவில்லை. அதன் பிறகு படிப்பித்த வருடங்களில் எந்தத் துணியில் தைத்து வந்தாலும் புள்ளி குறைத்ததில்லை. ஆனால் அந்த 38ஐ மாற்ற எந்த ரிப்போர்ட்டும் மிஞ்சவில்லை.

பெரியம்மாவின் மூட்டையில் என்ன இருந்தது? இன்று நான் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கும் இந்த அறுகோணத் துண்டுகள்தான். பெரியம்மா மிஷன் விடுதியில் படித்தவர், அங்கே பழகிய வேலை. கடதாசியை அறுகோணமாக வெட்டி, அதைவிடக் கால் அங்குலம் பெரிதாகத் துணி வெட்டி, விளிம்பைக் கடதாசி மேல் மடித்துத் தற்காலிகத் தையல் போடுவது. பிறகு இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, விளிம்பில் மட்டும் சின்னச் சின்னதாகச் சுற்றித் தைப்பது. ஊசி கடதாசியில் குத்தக்கூடாது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு. பத்தொன்பது துண்டில் ஒரு பூ. எல்லாப் பக்கமும் அயல்துண்டு சேர்ந்த பிறகே கடதாசியை உருவ வேண்டும். அவசரப்பட்டு உருவினால் துண்டு இழுபட்டு மூலை பொருந்தாது. வெள்ளைக்காரர் இதைக் குயில்ற் என்பார்கள். துண்டு பொருத்துவது நமக்கும் புதிதில்லை, தேரில் தொங்கும் தொம்பையைப் பாருங்கள். கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் பழந்துணி ஒட்டிப் போர்வை தைக்கிறார்கள்.

பெரியம்மா முடிக்கவில்லை. ஆகவே கடதாசி இன்னும் உள்ளே இருக்கிறது. பின்பக்கம் திருப்பினால் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்த செய்தி. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் அப்படி வந்தது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு துண்டில் மண்ணெண்ணெய் பங்கீடு, ஒன்றில் ஒரு மரண அறிவித்தலின் பாதி, ஒன்றில் என் கையெழுத்தில் ஒரு வகுப்பின் இடாப்பு. இங்கிலாந்தில் 1718ஆம் ஆண்டு என்று திகதி தைத்த ஒரு பட்டுப் போர்வை இருக்கிறது, அதற்குள்ளும் கடதாசி அப்படியே உண்டாம். அதை வாசித்தபோது பெரியம்மா நல்ல கூட்டத்தில் இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

இனி நான் உண்மையில் பேச வந்த விடயம். நூற்றாண்டை முன்னிட்டு எமது தையல் அறையை நினைவு அறையாக்கும் யோசனை ஒன்று உண்டு. படங்கள், வெற்றிக் கிண்ணங்கள், கண்ணாடி அலுமாரி. வரும் மாதம் முடிவு எடுப்பார்கள். நினைவு அறை வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த அறையில் நாலு மெசின்கள் நிற்கின்றன. போன கிழமை போய்ப் பார்த்தேன். இரண்டு ஓடுகின்றன. ஒன்றுக்குப் பட்டி மாற்றினால் போதும். நாலாவதற்கு எண்ணெய் கண்டு பல வருடம். இவற்றைக் களஞ்சியத்தில் அடுக்கினால் அதோடு சரி. மனைப்பொருளியல் இப்போது விரும்பினால் எடுக்கும் பாடம். எடுக்காத பிள்ளைக்குத் தெறி பூட்டக்கூட யாரும் காட்டுவதில்லை. 1993 முதல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகத் தருகிறது. அதைத் தைப்பதற்கு இங்கே சில தாய்மார் கொடுக்கும் கூலியைக் கேட்டால் நீங்கள் திகைப்பீர்கள். சனிக்கிழமைகளில் அறையைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளும் தாய்மாரும் வந்து தங்கள் சீருடையைத் தாங்களே தைக்கட்டும். என் முழங்கால் இருக்கும்வரை நான் வருவேன். படங்களை அதே அறையின் சுவரில் மாட்டலாம், மெசின்களுக்கு இடைஞ்சல் இல்லை.

சுவரில் மாட்ட இன்னொன்றும் வேண்டும். ஒவ்வொரு வகுப்பணியும் ஏழு துண்டில் ஒரு பூ தைத்துத் தாருங்கள். நடுவில் வெள்ளைச் சீருடைத் துணி, சுற்றி ஆறு பேரின் ஆறு துணி. கலியாணச் சீலையாக இருக்கலாம், மகனின் பழைய சேட்டாக இருக்கலாம். மாப் பை இருந்தால் அதுவும் நல்லது.

மாமரத்தடிப் பிள்ளை இப்போது ரொறன்ரோவில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருக்கிறாள். காற்சட்டைக்குக் கால் குறைப்பது, சிப் மாற்றுவது, கலியாணச் சட்டைக்கு அகலம் விடுவது. அவளுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "ரீச்சர், நாள் முழுக்கத் தைச்சுத் தைச்சுக் கை நோகுது. துண்டு கேக்காதேங்கோ, மெசின் திருத்தக் காசு அனுப்புறன்" என்றாள். அனுப்பியும் விட்டாள். ரசீது செயலாளரிடம் இருக்கிறது.

மற்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒன்றரை அங்குலப் பக்க அளவில் வெட்டிய கடதாசி அச்சுகள் வாசல் மேசையில் இருக்கின்றன. ஊசியும் நூலும் நான் கொண்டுவந்திருக்கிறேன். தேநீருக்குப் பிறகு தையல் அறைக்கு வாருங்கள். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள், அங்கே வெளிச்சம் குறைவு.