மண் ஒன்று, அதைக் காணும் கண்கள் பல
(பத்தாங் காலி வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)

 

மண்ணைப் பற்றி உங்களிடம் பேச வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும், காலடியில் கிடக்கும் மண்ணை ஒரு துறை அறிவால் மட்டும் அளந்துவிட முடியாது என்பதையும், அது நம் உயிரையும் பிழைப்பையும் தொடும் செய்தி என்பதையும் எடுத்துக் கூறவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

இவ்வூர் மறக்க இயலாத துயர நாள் 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16. பத்தாங் காலியிலிருந்து கெந்திங் மலைக்குச் செல்லும் சாலையோரத்தில், விடியுமுன்னே மலைச்சரிவு பெயர்ந்து, கீழே கூடாரமிட்டு உறங்கியோரை மூடிற்று. 61 பேர் உயிர் பிழைத்தனர்; குழந்தைகள் உட்பட 31 பேர் மாண்டனர். தொடர் மழையே முக்கிய காரணம் என்று 2023இல் வெளியிடப்பட்ட ஆய்வறிக்கை கூறிற்று. அதற்கு முந்தைய ஐந்து நாட்களில் பெய்த மழை 118.6 மில்லிமீட்டர், முப்பது நாட்களில் பெய்த மழை 444 மில்லிமீட்டர்.

இக்கணக்கை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஓர் இரவின் மழை மட்டுமன்று, ஒரு திங்களின் மழையே அங்குக் கணக்கில் வந்தது. ஈர மணலில் சிறுவர் வீடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மணிகளுக்கிடையே உள்ள சிறிதளவு நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. நீர் மிகுந்தால் அப்பிடிப்பு அற்றுப்போகிறது, வீடு சரிகிறது. மலைக்கும் அதுவே விதி. இதனைக் கூறுவது பௌதிகம். மலையின் கருங்கல் நெடுங்காலம் சிதைந்து ஆழமான மண்ணாக மாறியிருப்பதைக் கூறுவது நிலநூல். எத்தனை நாள் மழை எவ்வளவு ஆழம் இறங்கும் என்று கணிப்பது நீரியல். இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு அச்சரிவை விளக்கிவிட முடியாது.

இத்தகைய கூட்டறிவுக்கு நம் ரப்பர்த் தொழிலிலேயே பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் டபிள்யூ. பி. ஹெய்ன்ஸ் என்னும் மண்ணியல் அறிஞர் பணியாற்றினார். 1930இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் பௌதிக அறிஞர்களால் பேசப்படுகிறது. ஒரே அளவு இழுவிசையில், நனைந்துவரும் மண்ணைவிட உலர்ந்துவரும் மண் கூடுதலான நீரைப் பிடித்து வைக்கும் என்பதற்கு அவர் விளக்கம் தந்தார். மண் தன் முந்தைய நிலையை மறப்பதில்லை என்று நாம் இதனைச் சொல்லலாம். அதே அறிஞர்தாம் 1934இல், ரப்பர்த் தோட்டங்களில் தானாக வளரும் செடிகொடிகளை எவ்வாறு பயன்படுத்துவது என்று ஒரு நூலும் எழுதினார்.

அக்காலத்தில் அது சிறிய செய்தியன்று. ஒரு புல்லும் இல்லாமல் சுரண்டி வைப்பதே நல்ல நிர்வாகத்தின் அடையாளம் என்று முன்னாளில் கருதப்பட்டது. நம் பாட்டன் பாட்டிமார் அவ்வேலையில் முதுகொடிந்தனர். அவர்கள் சுத்தம் செய்த மேல்மண்ணோ மழையோடு ஆற்றுக்குப் போயிற்று. பின்னரே பியூரேரியா, சென்ட்ரோசீமா முதலிய மூடுபயிர்க் கொடிகள் பரவலாயின. அக்கொடியின் வேர்முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்குகின்றன. இது உயிர்நூல். ஆனால் அக்கொடி செழிக்கப் பாஸ்பேட் வேண்டும். நம் செம்மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டை இறுகப் பற்றிக்கொள்ளும். இது இரசாயனம். ஆதலின் கொடிக்குப் பாறைப் பாஸ்பேட் இட வேண்டியுள்ளது. ஒரு கொடியை நட்டு வளர்ப்பதற்குள் எத்தனை அறிவுத் துறைகள் வந்து கூடுகின்றன, பாருங்கள்!

கோலசிலாங்கூர்ப் பக்கம் சென்றால் கதை வேறு. அங்கே கடலோரக் களிமண்ணும் கரிச்சேற்று நிலமும் உண்டு. செம்பனைக்கு நீர் தேங்கலாகாது என்று வாய்க்காலை ஆழமாக வெட்டினால் பொறியியல் கணக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் கடலோரக் களிமண்ணின் அடியில் சில இடங்களில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த கனிமம் புதைந்துள்ளது. காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறி, வேரைக் கருக்குகிறது. கரிச்சேற்று நிலமோ, நீர் வடிந்தால் ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டே போகும். வறட்சியில் தீயும் பற்றும். ஆகவே அங்கு நீரை அடியோடு வடிப்பதன்று, அளவோடு நிறுத்துவதே திறமை.

மலையும் கரையும் தனித்தனி என எண்ணற்க. பத்தாங் காலி ஆறு சிலாங்கூர் ஆற்றில் கலந்து கோலசிலாங்கூரில் கடலை அடைகிறது. இங்குக் கரையும் மண் அங்குச் சேறாகப் படிகிறது.

இனி, நாம் செய்யத்தக்கது என்ன? சரிவில் மண்ணை வெறுமையாக விடாதீர்கள். வெட்டிய செம்பனை மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குங்கள். எனினும் கொடியும் மட்டையும் மேல்மண்ணைத்தான் காக்கும். ஆழத்திலிருந்து பெயரும் மலையைத் தாங்கா. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், முன்பு இல்லாத இடத்தில் ஊற்று, திடீரெனக் கலங்கும் நீர், காரணமின்றி இறுகும் கதவு ஆகியவற்றைக் கண்டால் உடனே நிர்வாகத்திடம் கூறுங்கள். நாள்கணக்கில் மழை பெய்துவரும்போது அவற்றைக் கண்டால் பொழுது விடியட்டும் என்று காத்திராமல், பிள்ளைகளோடும் முதியோரோடும் விலகிச் சென்று, 999 எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

அறிஞர் பல துறைகளில் இருக்கலாம்; அவர்கள் நாள்தோறும் இங்கு வருவதில்லை. அதிகாலையில் நிரைக்குச் செல்லும் உங்கள் கண்ணே மாற்றத்தை முதலில் காண்கிறது. அதுவும் அறிவியலின் ஒரு பகுதியே என்பதை உணர்ந்து, கண்டதைக் கண்டவாறு சொல்லத் தயங்காதீர்கள் எனக் கேட்டுக்கொண்டு விடைபெறுகின்றேன்.