குவியலுக்குள் கைவிட்டுப் பாருங்கள்!

(திருப்பூரில் நடைபெற்ற சமுதாய விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியல். அதைக் கடந்து சென்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உள்ளே கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபிகளார், மோசடி செய்பவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று எச்சரித்தார்கள்.

இதை வியாபாரிக்கான உபதேசமாகவே கேட்டுப் பழகிவிட்டோம். வாங்குபவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. கைவிட்டுப் பார்த்ததால்தானே ஈரம் தெரிந்தது?

பாசி தந்த பாடம்

இதே திருப்பூரில் 2008-ல் தொடங்கப்பட்டது பாசி நிதி நிறுவனம். அந்நியச் செலாவணி வர்த்தகத்தில் பணம் பன்மடங்காகும் என்றார்கள். மக்கள் குவிந்தார்கள். 2009-ல் எல்லாம் சரிந்தது. மோசடித் தொகை சுமார் 930 கோடி ரூபாய்!

வேலியே பயிரை மேய்ந்த கதையும் இதில் உண்டு. நிறுவனத்தாரை மிரட்டிப் பணம் பறித்ததாகப் போலீஸ் அதிகாரிகள் மீதே குற்றச்சாட்டு எழுந்தது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. மோசடி நடந்த காலத்தில் மேற்கு மண்டல ஐ.ஜி.யாக இருந்தவர் 2012-ல் கைது செய்யப்பட்டார். நிறுவனத்தின் இயக்குநர்கள் இருவருக்கும் கோவை நீதிமன்றம் தலா 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது 2022 ஆகஸ்டில்தான். பதின்மூன்று ஆண்டுகள்! மகளின் நிக்காஹ்வுக்கென்று பணம் சேர்த்த ஒரு தகப்பனுக்குப் பதின்மூன்று ஆண்டு என்பது எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பாருங்கள்.

படித்த நாட்டுக்காரர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கனடாவில் பிரீ-எக்ஸ் என்றொரு கம்பெனி. இந்தோனேசியக் காட்டில் பெரும் தங்கச் சுரங்கம் கண்டோம் என்றது. மண் மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத் தூள் கலந்து வைத்திருந்தார்கள். 1997-ல் வேறு நிறுவனம் சோதித்தபோது அங்கே தோண்டத்தக்க தங்கமே இல்லை. பல நூறு கோடி டாலர் மதிப்பிருந்த பங்குகள் வெறும் காகிதமாயின. அந்தக் குற்றத்துக்காக ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை.

ஹலால் என்ற போர்வை

நம் நெஞ்சைச் சுடும் செய்தி இனிமேல்தான். 2006-ல் பெங்களூரில் தொடங்கிய ஐ.எம்.ஏ. நிறுவனம், 'வட்டி இல்லை, ஹலால் லாபம்' என்று சொல்லிப் பணம் திரட்டியது. 2019 ஜூனில் அதன் உரிமையாளர் துபாய்க்கு ஓடினார். அடுத்த மாதமே டெல்லியில் பிடிபட்டார். சுமார் 4,000 கோடி ரூபாய். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் நம் சமுதாயத்தினர். ஆலிம்கள் சிலரின் ஆதரவும் அதற்கு இருந்தது என்ற புகார் எழுந்தது.

மதரஸாவில் ஓதி வந்தவன் என்ற முறையில் வெட்கத்தோடு சொல்கிறேன்: தாடியையும் தொப்பியையும் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது எங்கள் வேலை அல்ல. ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போடும் முதாரபாவில் லாபத்தைப் பேசிய விகிதப்படி பங்கிடுவார்கள். நஷ்டம் வந்தால் முதல் போட்டவரைச் சேரும். மாதந்தோறும் இவ்வளவு நிச்சயம் என்று எவன் சொன்னாலும் அது முதாரபா அல்ல. ஒன்று வட்டி, இல்லையென்றால் புதிதாக வருபவனின் பணத்தை எடுத்துப் பழையவனுக்குக் கொடுக்கும் ஏமாற்று.

பனியன் தொழிலாளத் தோழரே! காதர்பேட்டையில் ஐம்பது ரூபாய் பனியனை இழுத்துப் பார்க்கிறீர்கள், தையலைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். துணியின் ஜி.எஸ்.எம். குறைந்தால் லாட்டையே திருப்பி அனுப்புகிறோம். ஓவர்லாக் மெஷினில் இரவு பகலாகக் குனிந்து சேர்த்த பணத்தை மட்டும் ஒரு வண்ண நோட்டீசை நம்பிக் கொடுத்துவிடுவதா?

செய்ய வேண்டியவை

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்: என்ன தொழில்? எங்கே நடக்கிறது? கணக்கை யார் பார்க்கிறார்கள்? நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! பள்ளிவாசலில் எந்த நிதித் திட்டத்துக்கும் அறிவிப்புச் செய்ய அனுமதிக்காதீர்கள்.

ஏமாந்தவர்களே! மானம் போகும் என்று மௌனமாக இருக்காதீர்கள். முதலீட்டாளர் நலனைக் காக்கத் தமிழகத்தில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். ஏமாற்றியவன் நம்மவன் என்பதற்காக மூடி மறைப்பது சமுதாயப் பற்று அல்ல, அநீதிக்குத் துணை போவதாகும்.

அளவு நிறுவையில் மோசடி செய்வோரை எச்சரிக்கவே திருக்குர்ஆனில் தனியொரு அத்தியாயம் உண்டு, 83-வது. வீட்டுக்குப் போனதும் அதைப் பொருளோடு ஓதிப் பாருங்கள். ஏமாற்றாமலும் ஏமாறாமலும் வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!

வஸ்ஸலாம்.